அரை மாரத்தானுக்கு எந்தக் கடிகாரம்?

எட்டு மாதமாக ஓடுகிறீர்கள். 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள். வரும் ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) ஓட ஆசை. கைபேசியைப் புஜத்தில் கட்டிக்கொண்டு ஓடி அலுத்துவிட்டதால் 30,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதா, ஓடுபவர்களுக்கென்றே வருகிற ஜிபிஎஸ் கடிகாரம் வாங்குவதா, இரண்டில் எது துல்லியம் என்று கேட்கிறீர்கள்.

கேள்வியின் கடைசித் துண்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துல்லியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இன்று நல்ல ஸ்மார்ட்வாட்ச் ஒன்றையும் நல்ல ஓட்டக் கடிகாரம் ஒன்றையும் இரண்டு கைகளிலும் கட்டிக்கொண்டு மெரினாவில் ஓடிவிட்டு, இரண்டும் வரைபடத்தில் போட்ட கோடுகளை ஒப்பிட்டால், எது எதனுடையது என்று உங்களால் சொல்ல முடியாது. நான் செய்து பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் முடிவு செய்பவை இரண்டு: பட்டன், பேட்டரி. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும்.

பட்டனைப் பற்றிச் சொல்ல ஒரு நவம்பர் காலை போதும். ஜனவரி ஓட்டத்துக்கான பயிற்சி எந்த மாதங்களில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: அக்டோபர், நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் பகுதிக் குழுவில் ஓடும் பெண் ஒருவர் அன்று 16 கிலோமீட்டர் முடித்துவிட்டு வந்து நின்றார். நல்ல தூறல். ஓட்டத்தை நிறுத்துவதற்காகத் திரையைத் தொட்டார், நகரவில்லை. விரலைத் துடைக்கப் பார்த்தார். சட்டை, அரைக்கால் சட்டை, தொப்பி, கைக்குட்டை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உடம்பில் உலர்ந்த துணி என்று ஒரு விரற்கடை கிடையாது. அவர் இப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே திரையில் விழுந்த மழைத்துளிகள் தங்கள் பங்குக்கு எதையோ அழுத்திவிட்டன. ‘சேமிக்கவா, அழிக்கவா’ என்ற கேள்வி வந்து, பதிலும் தானாகவே போய்விட்டது. 16 கிலோமீட்டரும் போயிற்று. “ஓடினேனா இல்லையா அண்ணா, நீங்களே சாட்சி” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அடுத்த மாதம் ஐந்து பட்டன் உள்ள கடிகாரத்தோடு வந்தார்.

மழை இல்லாத நாளில் வியர்வை அந்த வேலையைச் செய்யும். தொடுதிரை என்பது விரல் படும்போது ஏற்படும் சின்ன மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. உப்பு கலந்த நீரும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் திரை குழம்பிப் போகிறது. ஸ்மார்ட்வாட்ச்களில் திரையைப் பூட்டும் வசதி இருக்கிறது, உண்மை. சிலவற்றில் ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் பக்கவாட்டுப் பட்டனையே ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் 400 மீட்டரை எட்டு முறை வேகமாக ஓடும் பயிற்சியில், ஒவ்வொரு முறையும் கோட்டைக் கடக்கும் அந்த நொடியில், மூச்சு வாங்கிக்கொண்டு, பார்க்காமலேயே அழுத்த வேண்டிய ஒரு பட்டன் தேவை. ஓட்டக் கடிகாரத்தில் அது எங்கே இருக்கிறது என்பதைக் கட்டைவிரல் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

பேட்டரிக்கு என் சொந்தக் கதை. என் முதல் முழு மாரத்தானை ஒரு ஸ்மார்ட்வாட்ச்சோடு ஓடினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அதற்கு அப்போது இரண்டு வயது, பேட்டரி இளைத்திருந்தது, பாட்டையும் அதிலிருந்தே கேட்டேன், திரையையும் எப்போதும் எரியும்படி வைத்திருந்தேன். குற்றத்தில் என் பங்கு பாதிக்கு மேல். அதிகாலை 4 மணிக்கு 100 சதவீதத்தோடு கிளம்பி, 33-ஆவது கிலோமீட்டரில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றேன். பாட்டும் போயிற்று, வேகக் கணக்கும் போயிற்று. பக்கத்தில் ஓடியவரிடம் “தம்பி, மணி என்ன?” என்றேன். “7:20 ஆகிறது அண்ணா” என்றார். அதற்குப் பிறகு ஒன்பது கிலோமீட்டர், கல்யாண வீட்டில் மணி கேட்பது போல ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனேன்.

கம்பெனிகளின் கணக்கைச் சொல்கிறேன். ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்களுக்கு அந்தக் கம்பெனி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு ஒரு சார்ஜுக்கு 18 மணி நேரம். அல்ட்ரா என்ற பெரிய மாடல் 2022-இல் வந்தபோது அதை 36 மணி ஆக்கினார்கள், விலையையும் அதற்கேற்ப. மறுபக்கம், ஓட்டக் கடிகாரம் செய்யும் கார்மின் கம்பெனியின் ஃபோர்ரன்னர் 55 என்ற 2021-ஆம் ஆண்டு மாடல், ஜிபிஎஸ் இயங்கும் நிலையிலேயே 20 மணி நேரம் தாங்கும். சும்மா கையில் கிடந்தால் இரண்டு வாரம். 2024-இல் வந்த ஃபோர்ரன்னர் 165, பளிச்சென்ற திரையோடும் ஜிபிஎஸ்ஸில் 19 மணி, சாதாரணமாக 11 நாள். கோரோஸ் என்ற இன்னொரு கம்பெனியின் ஓட்டக் கடிகாரமான பேஸ் 3 ஜிபிஎஸ்ஸில் 38 மணி என்கிறது. இவை அனைத்தும் கம்பெனிகள் தாங்களே சொல்லும் எண்கள். கையில் கட்டும்போது கொஞ்சம் குறையும்.

இரண்டேகால் மணி நேரம் ஓடப்போகும் உங்களுக்கு 38 மணி எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டம் முடியும்வரை ஸ்மார்ட்வாட்ச்சும் தாங்கும், மறுப்பில்லை. வித்தியாசம் ஓட்டத்தில் இல்லை, முந்தைய இரவில் இருக்கிறது. தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய பொருளை ஒரு நாள் மறப்பீர்கள். காலை 4:30 மணிக்கு எழுந்து பார்த்தால் 9 சதவீதம் இருக்கும். இரவில் சார்ஜில் போட்டால் தூக்கத்தைப் பதிவு செய்ய முடியாது. தூங்கும்போது கட்டிக்கொண்டால் குளிக்கும் நேரத்திலும் காப்பி குடிக்கும் நேரத்திலும் துண்டு துண்டாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சிலருக்கு இது பழகிவிடுகிறது. எனக்குப் பழகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்து குளிக்கப் போகும்போது ஒரு முறை சார்ஜில் போடுகிறேன், அடுத்த ஞாயிறு வரை அதை நினைப்பதில்லை.

சரி, துல்லியம். அதைத் தள்ளிவிட்டேனே தவிர, முழுவதும் பேசாமல் விட மனமில்லை, ஏனென்றால் கடையில் உங்களை மிரட்டப்போகும் சொற்கள் இங்கேதான் இருக்கின்றன.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை உங்கள் மணிக்கட்டுக்கு வர ஏறத்தாழ 67 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்தை அளந்துதான் கடிகாரம் தூரத்தைக் கணிக்கிறது. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். இப்போது அசோக் நகரிலிருந்து வடபழநி நோக்கி, மெட்ரோ மேம்பாலத்தை ஒட்டி 100 அடி சாலையில் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். தலைக்கு மேல் கான்கிரீட், இரு பக்கமும் கட்டடங்கள். சமிக்ஞை நேராக வராமல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. கூடுதல் பாதை, கூடுதல் நேரம். கடிகாரம் அதை நம்பி உங்களை யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை வழியாக ஓடவிடுகிறது. இதைக் குறைக்கத்தான் இரட்டை அலைவரிசை வந்தது. பழைய எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவதையும் சேர்த்துக் கேட்டால், மோதி வந்ததையும் நேராக வந்ததையும் பிரித்தறிவது எளிதாகிறது.

இந்த வசதி ஓட்டக் கடிகாரங்களின் ஏகபோகம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் இருக்கிறது, சாம்சங் கேலக்ஸி வாட்ச் 7-இல் இருக்கிறது. மாறாக, ஃபோர்ரன்னர் 165-இல் இல்லை. அதற்கு அண்ணனான 265-இல் இருக்கிறது. கோரோஸ் பேஸ் 3-இல் இருக்கிறது. நீங்கள் பெரும்பாலும் பெசன்ட் நகர், மெரினா, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று திறந்த வானத்தின் கீழ் ஓடுபவரானால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் புதிதாக ஓடுபவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. பந்தயத்தின் முடிவில் உங்கள் கடிகாரம் 21.1 என்று காட்டாது; 21.3 அல்லது 21.4 என்று காட்டும். உடனே ‘பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போவார்கள். முறைப்படி சான்று பெற்ற பாதையை சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்தி, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் வேறு சேர்க்கிறார்கள். நீங்களோ தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, முன்னால் நடப்பவரைச் சுற்றி, வளைவின் வெளிப்பக்கமாக ஓடுவீர்கள். கூடுதல் தூரத்தை உண்மையாகவே ஓடியிருப்பீர்கள், மிச்சம் ஜிபிஎஸ் பிழை. ஆகவே 2 மணி 10 நிமிடம் இலக்கு என்றால், கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6:10 (6 நிமிடம் 10 நொடி). ஆனால் கடிகாரத்தில் 6:04 வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு நொடி தெரியாமல் கடைசி 300 மீட்டரில் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு எவ்வளவு விலை உயர்ந்த கடிகாரமும் மருந்தல்ல.

இதயத்துடிப்பை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சி, தோலுக்கடியில் ரத்தம் வந்துபோவதால் ஒளி மாறுவதை அளக்கும் முறைதான் எல்லாக் கடிகாரங்களிலும். கை வீசி ஓடும்போது கடிகாரம் ஆடும். ஆட்டமும் துடிப்பும் கலந்துவிடும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடுகிறீர்கள் என்றால், சில சமயம் கடிகாரம் உங்கள் அடிகளையே எண்ணி ‘இதயத்துடிப்பு 170’ என்று பதறும். நீங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பீர்கள். இது ஸ்மார்ட்வாட்ச்சிலும் நடக்கும், ஓட்டக் கடிகாரத்திலும் நடக்கும். துடிப்பை வைத்துப் பயிற்சி செய்வதானால் நெஞ்சில் கட்டும் பட்டை வாங்குங்கள். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. ஃபின்லாந்தின் போலார் கம்பெனி 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாத பட்டையைக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் அதைவிட நம்பகமான வழி ஓடுபவருக்கு வரவில்லை. கட்டுவதற்கு முன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லிக் குறிப்புப் போட்டிருப்பார்கள். சென்னையில் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அது தானே நடந்துவிடும்.

ஓட்டக் கடிகாரங்கள் தரும் அறிவுரைகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆக்சிஜன் கொள்ளளவு (ஓடும்போது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு), மீட்சி நேரம் (அடுத்த கடினமான ஓட்டத்துக்கு முன் தேவைப்படும் ஓய்வு), பந்தயக் கணிப்பு என்று நிறையக் காட்டும். பெரும்பாலும் வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டு எடுக்கும் கணிப்புகள் இவை. மே மாதம் வெக்கையில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். கடிகாரம் உடனே உங்கள் உடல் திறன் குறைந்துவிட்டதாகவும் உங்கள் பயிற்சி பயனற்றது என்றும் தீர்ப்புச் சொல்லும். நாக்குத் தள்ள 12 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து அதைப் படிப்பதற்குத் தனி மனோதிடம் வேண்டும். டிசம்பரில் அதுவே உங்களைப் புகழும். இரண்டையும் நம்பாதீர்கள். ஆனால் வாரப் பயிற்சித் திட்டத்தைக் கடிகாரத்துக்குள் ஏற்றிக்கொண்டு, ‘இப்போது ஐந்து நிமிடம் மெதுவாக, இப்போது மூன்று நிமிடம் வேகமாக’ என்று அது அதிர்ந்து சொல்ல ஓடுவது மிகப் பயனுள்ளது. பயிற்சியாளர் இல்லாதவருக்கு இந்த ஒன்றுக்காகவே ஓட்டக் கடிகாரம் வாங்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஸ்மார்ட்வாட்ச்சுக்காகவும் வாதாட வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. கைபேசி இல்லாமல் அழைக்கும் வசதி வேண்டுமென்றால் அதுதான் வழி. இருட்டோடு தனியாக ஓடக் கிளம்பும் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, இருவருக்கும் சிம் இணைப்புள்ள ஸ்மார்ட்வாட்ச்சைத்தான் சொன்னேன். கீழே விழுந்தால் தானே உதவிக்கு அழைக்கும் வசதி ஆப்பிள் வாட்ச்சில் 2018 முதல் இருக்கிறது. இசிஜி எடுக்கும் வசதியும் அதே ஆண்டு அறிமுகமானது. பல ஓட்டக் கடிகாரங்களிலும் விபத்து அறிவிப்பு உண்டு, ஆனால் பக்கத்தில் கைபேசி இருக்க வேண்டும். அதுபோல, நாள் முழுவதும் கூட்டங்களில் உட்கார்ந்து, வருகிற செய்திகளுக்கு மணிக்கட்டிலிருந்தே பதில் அனுப்புவது உங்கள் பிழைப்பென்றால், ஓட்டக் கடிகாரம் உங்களுக்குக் கல்லாகத்தான் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடுவதாக இருந்தாலும் ஸ்மார்ட்வாட்ச் போதும்.

ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு கைபேசியோடு சேராது. உங்கள் கைபேசி எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்ட்ராய்டு என்றால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்பவை வேறு கணக்கு. திரை பெரிதாக இருக்கும், ‘நூறு விளையாட்டு முறைகள்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். அவற்றில் பலவற்றில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. கைபேசியின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும், அல்லது கைவீச்சை எண்ணித் தூரத்தை ஊகிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கைபேசியை அணைத்துவிட்டு, கடிகாரத்தில் ஓட்டத்தைத் தொடங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பிறகு இணைத்துப் பார்த்தால் வரைபடத்தில் கோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் மறுபடியும் புஜத்தில் கைபேசியைக் கட்ட வேண்டியதுதான்.

கடையில் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். உங்கள் கைபேசியோடு இணைக்கச் சொல்லி, வீட்டிலிருந்து தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சில கடிகாரங்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் வரும். ‘பால் வாங்கி வா’ என்பது வெறும் பெட்டிகளாக வந்தால் யார் பொறுப்பு? கூடவே கடை வாசலுக்கு வந்து வெயிலில் திரையைப் பாருங்கள். சில ஓட்டக் கடிகாரங்களின் மங்கலான திரை கடைக்குள் ஏழையாகத் தெரியும்; வெளியே வெயில் விழுந்ததும் அச்சடித்த தாள் போலத் தெளியும், அது வெயிலையே வெளிச்சமாக எடுத்துக்கொள்வதால்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வாரத்தில் நான்கு நாள் ஓடுவது உறுதி என்றால், ஃபோர்ரன்னர் 165 அல்லது கோரோஸ் பேஸ் 3, இரண்டில் அந்த வாரம் எது உங்கள் பணத்துக்குள் வருகிறதோ அதை வாங்குவேன். அதிகத் தூரம், எடை குறைவு என்பவருக்குப் பேஸ் 3. நைலான் பட்டையோடு 30 கிராம்தான், கட்டியிருப்பதே மறந்துபோகும். திரையும் மென்பொருளும் மெருகாக இருக்க வேண்டும் என்பவருக்கு 165. இன்னும் குறைவாகச் செலவழிக்க நினைத்தால் பழைய 55-ஐத் தேடிப் பிடியுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல காலணியும் நெஞ்சுப் பட்டையும் வாங்குங்கள். ஐந்து வயதுக் கடிகாரம் உங்கள் அரை மாரத்தான் நேரத்தை ஒரு நொடிகூட மாற்றாது. தேய்ந்த காலணி முழங்காலை மாற்றிவிடும்.

வாங்கி வந்ததும் ஓட்டத் திரையில் மூன்று எண்களை மட்டும் வையுங்கள்: மொத்தத் தூரம், ஓடிய நேரம், நடப்புக் கிலோமீட்டரின் சராசரி வேகம். அந்த நொடியின் வேகத்தை வைக்காதீர்கள். அது 5:20, 6:50 என்று குதித்துக்கொண்டே இருக்கும், நீங்களும் அதோடு குதிப்பீர்கள். பந்தயத்துக்கு முந்தைய நாள் கைபேசியோடு இணைத்து விடுங்கள், செயற்கைக்கோள்களின் இருப்பிடக் கணிப்பு அதற்குள் இறங்கிவிடும். காலையில் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஓட்ட முறையைத் திறந்து, ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று அது அதிரும்வரை திறந்த இடத்தில் நில்லுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அழுத்தாதீர்கள். தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும், நேரத்தைப் பதிவு செய்யும் பாயைக் கால் தொடும்போது அழுத்துங்கள். உங்கள் எண் அட்டையிலுள்ள சிப்பும் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.